மூச்சைச் சிம்மில் வைக்கலாம்

போன வருடம் என் மாமியாருக்குப் பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சை. மறுநாள் காலை ஒரு நர்ஸ் வந்து, மூன்று அறைகளில் மூன்று கலர் பந்துகள் கிடக்கும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கட்டிலில் வைத்தார். "மணிக்குப் பத்துத் தடவை பண்ணுங்கம்மா" என்றார், போய்விட்டார். அத்தை குழாயை வாயில் வைத்து ஊதினார். பந்து அசையவில்லை. இன்னும் பலமாக ஊதினார். நாலைந்து ஊதலுக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு தலையணையில் சாய்ந்தார்.

"தல கிறுகிறுங்குதும்மா. இது என்ன எழவு டப்பா?"

"ஊதக் கூடாதுத்தே. உறிஞ்சணும்."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? அடுப்பு ஊதுற மாதிரில்ல இருக்கு!"

அவர் சொன்னதில் தப்பில்லை. இருபது வருடம் விறகடுப்பு முன்னால் உட்கார்ந்து ஊதுகுழலைப் பிடித்த கை அது. குழல் என்றால் ஊத வேண்டும். அந்தக் காலத்திலும் நாலு ஊது ஊதினால் தலை கிறுகிறுக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கிறுகிறுப்புக்கான காரணத்தில்தான் மூச்சின் பாதி ரகசியம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம்மில் பலர் அந்த டப்பா இல்லாமலேயே இதே தப்பைச் செய்கிறோம். "நல்லா ஆழமா மூச்சு இழுங்க" என்று யாராவது சொன்னால் உடனே தோள் இரண்டும் காதை நோக்கி ஏறும், நெஞ்சு புடைக்கும், வயிறு உள்ளே ஒட்டும். பள்ளிக்கூட பி.டி. வாத்தியார் கற்றுக்கொடுத்தது அப்படி. பார்க்க கம்பீரமாக இருக்கும். ஆனால் அது ஆழமும் இல்லை, பெரிய ஓய்வும் தராது. ஏன் என்று பார்க்க மருத்துவப் புத்தகம் வேண்டாம், சமையலறைக்குள் வந்தால் போதும்.

முதலில் முறுக்கு நாழியை எடுங்கள். கழுவித் துடைத்த நாழியின் அடித்துளையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மேல்கட்டையை மெல்ல வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளங்கையை நாழி கவ்வும். கையை விலக்கினால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும். காற்றை யாரும் உள்ளே தள்ளவில்லை. உள்ளே இடம் உண்டானது, காற்று தானாக வந்தது. மூச்சும் இவ்வளவுதான். நுரையீரலுக்குச் சொந்தமாக இழுக்கும் தசை கிடையாது. அதைச் சுற்றியிருக்கும் பெட்டி பெரிதானால் அது விரியும், சிறிதானால் சுருங்கும்.

அந்தப் பெட்டியின் அடித்தட்டுதான் உதரவிதானம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மெல்லிய தசை. கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி மேலே குவிந்திருக்கும். இறுகும்போது தட்டையாகிக் கீழே இறங்கும். சும்மா உட்கார்ந்திருக்கையில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கினால் உண்டு. நன்றாக ஆழ்ந்து இழுத்தால் 10 சென்டிமீட்டர் வரைகூட இறங்கும். அதற்குக் கீழேதான் ஈரலும் இரைப்பையும் குடலும் இருக்கின்றன. அவற்றை ஒன்றும் நசுக்கிவிட முடியாது. முன்பக்கம்தான் நகர முடியும். அதனால் வயிறு உப்புகிறது. 'வயிற்றால் மூச்சுவிடு' என்று சொல்வதைக் கேட்டு வயிற்றுக்குள் காற்று போவதாக நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. சட்டி கீழே இறங்கிவிட்டது என்பதற்கான அடையாளம் அது.

இங்கே ஒரு பெண்கள் விஷயம் சொல்லியாக வேண்டும். பாவாடை நாடாவை இடுப்பு அறுபட இறுக்கிக் கட்டிக்கொண்டு, தொப்பை தெரியாமல் நாள் முழுக்க வயிற்றை எக்கிக்கொண்டு நடமாடினால் சட்டி எங்கே இறங்கும்? ஆண்களின் பெல்ட்டும் அப்படியே. முதல் பாடம் நாடாவைத் தளர்த்துவதுதான்.

சரி, மேல்நெஞ்சால் வேகமாக மூச்சுவிட்டால் என்ன, அதுவும் காற்றுதானே என்று கேட்கலாம். இதற்கு மொட்டைமாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்திருக்கும் வீட்டின் சமையலறைக் குழாயைப் பாருங்கள். திறந்ததும் வெந்நீர் வராது. குழாய் நெடுகத் தேங்கியிருக்கும் பச்சைத் தண்ணீர் முதலில் ஊற்றித் தீர வேண்டும். ஒரு டம்ளர் பிடித்து மூடி, ஆறவிட்டு, மறுபடி ஒரு டம்ளர் பிடித்து மூடினால் நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர்தான்.

மூக்கிலிருந்து நுரையீரலின் உள்முனை வரை உள்ள குழாய்களிலும் இப்படி ஒரு காபி டம்ளர் அளவு, சுமார் 150 மில்லி, நின்றுகொண்டே இருக்கிறது. மருத்துவர்கள் இதை 'டெட் ஸ்பேஸ்' என்கிறார்கள். போன மூச்சில் வெளியே வர முடியாமல் குழாயில் நின்ற பழைய காற்று அது. ஒவ்வொரு மூச்சிலும் முதலில் உள்ளே திரும்பிப் போவது அதுதான். சாதாரணமாக நாம் ஒரு தடவை இழுப்பது அரை லிட்டர் பால் பாக்கெட் அளவு. இப்போது மளிகைக் கணக்கு போடலாம்.

நிமிடத்துக்கு 12 மூச்சு, தடவைக்கு 500 மில்லி: மொத்தம் 6 லிட்டர். ஒவ்வொன்றிலும் 150 கழித்தால் 350. உள்ளே வேலைக்கு வருவது 4.2 லிட்டர். பதற்றத்தில் இருப்பவர் நிமிடத்துக்கு 24 மூச்சு, தடவைக்கு 250 மில்லி விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதுவும் 6 லிட்டர்தான். ஆனால் 150 போனால் தடவைக்கு மிஞ்சுவது வெறும் 100 மில்லி. மொத்தம் 2.4 லிட்டர். நிதானமாக 6 மூச்சு, தடவைக்கு ஒரு லிட்டர் விடுபவருக்கும் அதே 6 லிட்டர். உள்ளே சேருவதோ 5.1 லிட்டர். மூவரும் இழுத்த காற்று ஒன்றே. ஒருவர் தசை நோக உழைத்துப் பச்சைத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் அலட்டிக்கொள்ளாமல் வெந்நீர் பிடிக்கிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. நின்றாலும் உட்கார்ந்தாலும் நுரையீரலின் அடிப்பகுதிக்குத்தான் ரத்தம் அதிகம் வருகிறது; புவியீர்ப்பு. சாம்பாரை மேலாக மொண்டால் தெளிவுதான் வரும், பருப்பு வேண்டுமென்றால் கரண்டி அடி வரை போக வேண்டும் இல்லையா? மேல்நெஞ்சு மூச்சு தெளிவை மட்டும் மொள்கிறது.

அந்த அடி வரை போன காற்று எங்கே சேருகிறது? ஆப்பத்தின் நடுவைப் பிட்டுப் பார்த்தால் கண்கண்ணாக ஓட்டை தெரியும். நுரையீரல் அப்படிப்பட்ட ஓர் ஆப்பம். கண்கள் நாற்பது கோடிக்கும் மேல். அத்தனையையும் விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 750 சதுர அடி. இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றை நெஞ்சுக்கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறோம். ஆனால் இதில் ஒரு சிக்கல். உள்ளே எல்லாம் ஈரம். நனைந்த பாலித்தீன் கவரைப் பிரிக்கப் போராடியிருப்பீர்களே, அதுபோல ஈரமான இந்தக் குட்டிப் பைகளும் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஒட்டாமல் இருக்க நுரையீரலே சோப்பு மாதிரி ஒரு வழவழப்பான பொருளைச் சுரந்து பூசிக்கொள்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவது இந்தப் பூச்சு போதாததால்தான் என்று மேரி எல்லன் ஏவரி என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1959-இல் காட்டினார். இன்று அந்தப் பொருளையே மருந்தாகக் கொடுத்துப் பச்சைக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறார்கள்.

பூச்சு இருந்தும் சில பைகள் மடங்கத்தான் செய்யும். அதற்குத்தான் பெருமூச்சு. துக்கத்தில் விடும் பெருமூச்சைச் சொல்லவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போல, நமக்கே தெரியாமல், சாதாரண மூச்சைப் போல இருமடங்கு காற்றை இழுத்து விடுகிறோம். ஒட்டிய பைகள் அதில் பிரிகின்றன. வயிற்றில் தையல் போட்டவர் வலிக்குப் பயந்து மேலாகவே மூச்சுவிடுவார், பெருமூச்சும் வராது. அடிப்பைகள் ஒட்டிக்கொள்ளும், சளி தேங்கும், நிமோனியா வர வழியாகும். மூன்று பந்து டப்பா அதற்குத்தான்: மெதுவாக, நீளமாக உறிஞ்சினால் பந்து மேலே நிற்கும், பைகள் திறக்கும். இந்த ஒரு வாக்கியத்தை அந்த நர்ஸ் சொல்லியிருந்தால் அத்தை ஊதியிருக்க மாட்டார். நோயாளிக்குக் கருவியைக் கொடுப்பது அரை வேலை, காரணத்தைச் சொல்வதும் சிகிச்சையில் சேர்த்தி.

(பெருமூச்சுக்கும் சாதா மூச்சுக்கும் தாளம் போடுவது மூளைத்தண்டில் இருக்கும் ஒரு சின்ன நரம்புக்கூட்டம். ஆராய்ச்சியாளர்கள் கூடிய ஒரு விருந்தில் மேசைமேல் இருந்த ஜெர்மன் ஒயின் புட்டியைப் பார்த்து வைத்த பெயர் அந்தப் பகுதிக்கு ஒட்டிக்கொண்டது: ப்ரீ-போட்சிங்கர். சமையலறைக்கு வெளியே உள்ளவர்களுக்கும் சாப்பாட்டு மேசைதான் கதி.)

இப்போது கிறுகிறுப்புக்கு வருவோம். குக்கர் விசில் எதற்கு அடிக்கிறது? அரிசி வெந்துவிட்டது என்றா? இல்லை. உள்ளே அரிசி இருக்கிறதா என்றுகூட அதற்குத் தெரியாது. ஆவியின் அழுத்தம் வெயிட்டைத் தூக்கும் அளவு ஏறினால் அடிக்கும், அவ்வளவுதான். நம் மூச்சின் விசிலும் அப்படியே. 'ஆக்சிஜன் குறைந்துவிட்டது, மூச்சை இழு' என்று மூளை சொல்வதாகத்தான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அது பார்ப்பது கார்பன் டை ஆக்சைடை. ரத்தத்தில் அது ஏறினால் விசில் அடிக்கிறது, நாம் மூச்சை இழுக்கிறோம். ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் 1905-இலேயே இதைச் சோதித்து எழுதிவிட்டார்கள்.

வேகவேகமாக ஊதினால் கார்பன் டை ஆக்சைடு தேவைக்கு மேல் வெளியே போய்விடும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், விரல்நுனியும் உதடும் மதமதக்கும். விறகடுப்பு முன்னால் அத்தைக்கு வந்தது அதுதான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்ததும் அதுதான். போதாததற்கு, கார்பன் டை ஆக்சைடு குறைந்த ரத்தம் கையில் இருக்கும் ஆக்சிஜனையே இறக்கிக் கொடுக்கத் தயங்கும். 1904-இல் கிறிஸ்டியன் போர் கண்டுபிடித்துச் சொன்னது இது. அணுவின் அமைப்பைச் சொன்ன நீல்ஸ் போரின் அப்பா. கார்பன் டை ஆக்சைடு வெறும் கழிவு என்று பள்ளியில் படித்ததைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்கினாலும், தாளிப்பில் அது இல்லாமல் முடியாதல்லவா?

ஆகவே, 'ஆழ்ந்து மூச்சு விட்டால் ஆக்சிஜன் ஏறும், அதனால் புத்துணர்ச்சி' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது, ஆரோக்கியமாக இருப்பவர் விஷயத்தில் அநேகமாகத் தப்பு. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே ஆக்சிமீட்டர், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 97, 98 காட்டவில்லையா? நிரம்பிய டம்ளரில் இன்னும் எவ்வளவு ஊற்றுவது? வெளியேதான் வழியும். சோலார் குழாய்க் கணக்கில் நிதானக்காரருக்குக் கிடைத்தது ஆக்சிஜன் புதையல் இல்லை, உழைப்பு மிச்சம்.

அப்படியானால் ஆழ்ந்த மூச்சு விட்டதும் மனசு லேசாகிறதே, அது எங்கிருந்து வருகிறது? அடுப்புக் குமிழிலிருந்து. மூளையடியிலிருந்து கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், குடல் என்று வயிறு வரை போகும் வேகஸ் நரம்புதான் உடம்பின் 'சிம்'. மூச்சை இழுக்கும்போது அதன் பிடி கொஞ்சம் தளரும், இதயம் சற்று வேகமாகத் துடிக்கும். விடும்போது பிடி இறுகும், துடிப்பு குறையும். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டுப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். நரம்பு எப்படி இதயத்தைச் சிம்மில் வைக்கிறது என்பதை ஓட்டோ லோவி 1921-இல் இரண்டு தவளை இதயங்களை வைத்துக் காட்டினார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், அது மெதுவாகியது. அது கிடந்த திரவத்தை எடுத்து இரண்டாவதன்மேல் விட்டார். யாரும் தொடாத அந்த இதயமும் மெதுவாகியது! ஒரு பாத்திரத்து ரசத்தின் உப்பு அடுத்த பாத்திரத்துக்கும் போவது மாதிரி, நரம்பு சொன்ன சேதி ஒரு ரசாயனமாக அந்த நீரில் இறங்கியிருந்தது. 1936-இல் நோபல் கிடைத்தது.

ஆக, குமிழ் இருப்பது வெளிமூச்சில். உள்ளே இழுப்பதில்தான் சூட்சுமம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். திருமூலர் பிராணாயாமத்துக்குச் சொல்லும் மாத்திரைக் கணக்கு 16, 64, 32. இழுக்க 16, அடக்க 64, விட 32. நடுவிலிருக்கும் 64-ஐ விட்டுவிடுங்கள், அது குரு பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய வேலை. கட்டுரை படித்துவிட்டு யாரும் இறங்க வேண்டாம். இழுப்பதைப் போல இருமடங்கு விடச் சொல்கிறார், அதைக் கவனியுங்கள். இத்தாலியில் பெர்னார்டி குழுவினர் 2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லத்தீன் ஜெபமாலையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரமும் சொல்பவர்களின் மூச்சு, இரண்டு மதத்திலும், நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 தடவையாக இறங்கிவிடுகிறதாம். அந்த வேகத்தில் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒரே தாளத்தில் ஏறி இறங்குகின்றன. யாரும் கடிகாரம் பார்த்து அந்த மந்திரங்களை அமைத்திருக்க மாட்டார்கள்.

செய்முறை இவ்வளவுதான். பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். அரைக் கிலோ துவரம்பருப்புப் பொட்டலம் ஒன்றைத் தொப்புள்மேல் வையுங்கள். ஒரு கையை நெஞ்சில் வையுங்கள். மூக்கால் இழுங்கள். மூக்குதான் வடிகட்டி, மூக்குதான் இட்லிப்பானை. தூசியை நிறுத்தி, காற்றைச் சுடவைத்து ஈரமாக்கி அனுப்பும். வாய்க்கு அந்த வேலை தெரியாது. பொட்டலம் எழ வேண்டும், நெஞ்சுக்கை அசையக் கூடாது. மனசுக்குள் நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஒரு எண்ணுக்கு ஒரு வினாடி என்றால் மூச்சுக்குப் பத்து வினாடி, நிமிடத்துக்கு 6. குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது என்ற விதி இங்கேயும் உண்டு. முட்ட முட்ட இழுத்தால் தோள் ஏறிவிடும், கிறுகிறுப்பும் வரும். ஆறு எண்ண முடியவில்லையா, மூன்றும் நாலும் போதும். ஐந்து நிமிடம் செய்யுங்கள். படுத்துப் பழகிவிட்டால் உட்கார்ந்தும், பிறகு பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் வந்துவிடும்.

சட்டென்று கோபமோ படபடப்போ வந்தால் வேறொரு கைப்பக்குவம் இருக்கிறது. மூக்கால் ஒரு இழுப்பு, விடாமல் அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு, பிறகு வாயால் நீளமாக விடுதல். பெருமூச்சை வேண்டுமென்றே விடுவதுதான் இது. தினம் ஐந்து நிமிடம் வீதம் ஒரு மாதம் இதைச் செய்தவர்களுக்கு, தியானம் செய்தவர்களைவிட மனநிலை கூடுதலாகத் தேறியது என்று 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்று சொன்னது.

காபியை ஆற்றும்போது உதட்டைக் குவித்து 'ஃபூ' என்று மெல்ல ஊதுகிறோமே, அதுவும் ஒரு சிகிச்சைதான். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்கு பிசியோதெரபிஸ்ட் முதலில் சொல்லித் தருவது அது. உதடு குறுகுவதால் உள்ளே லேசான எதிரழுத்தம் இருக்கும், தளர்ந்த மூச்சுக்குழாய்கள் பாதியில் மூடிக்கொள்ளாமல் காற்று முழுதாக வெளியேறும். பீடி சிகரெட் பக்கமே போகாத எத்தனையோ பெண்களுக்கு இந்த நோய் இருக்கிறது. விறகடுப்புப் புகை கொடுத்தது. அப்படிப்பட்ட நுரையீரலுக்கு மூச்சுப் பயிற்சி உதவும், ஆனால் மருந்துக்குப் பதில் ஆகாது. ரத்த அழுத்தத்துக்கும் அதே பதில்தான்: மெதுமூச்சு கொஞ்சம் குறைக்கும், மாத்திரையை நிறுத்த அது அனுமதிச் சீட்டு அல்ல. வயிற்றில் புதுத் தையல் இருப்பவர்கள் பருப்புப் பொட்டலம் வைக்க வேண்டாம், கை போதும். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கும் பயிற்சிகளையும் கபாலபாதி போன்ற வேகமூச்சுகளையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. நீந்தும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி வையுங்கள்: தண்ணீருக்குள் அதிக நேரம் இருக்க வேண்டுமென்று, முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு விடக் கூடாது. அது குக்கர் விசிலைக் கழற்றி வைப்பது மாதிரி. கார்பன் டை ஆக்சைடு குறைந்து போயிருப்பதால் எச்சரிக்கை வராமலே ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடுவார்கள்.

அத்தைக்கு இப்போது மூன்று பந்தும் ஏறும். டப்பாவைப் பேரன் எடுத்துக்கொண்டான். தையல் ஆறி, டாக்டரும் சரி என்ற பிறகு ராத்திரி படுக்கையில் பொட்டலம் வைத்துப் பழகினார்; பாதியிலேயே தூங்கிப்போவார். பழகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முடிந்ததும் பருப்பைக் கையோடு சமையலறையில் கொண்டுபோய் வையுங்கள். எங்கள் வீட்டில் அது ஒரு வாரம் தலையணைக்கு அடியில் கிடந்தது, நாங்கள் பருப்பு தீர்ந்துவிட்டதென்று கடைக்கு ஆள் அனுப்பினோம்.